வயிற்றைத் திறக்காமல் பெருந்தமனி வீக்கத்துக்குச் சிகிச்சை: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று பார்க்கவோ, புராஸ்டேட் தொந்தரவுக்காகவோ வயிற்று ஸ்கேன் எடுக்கப் போன பெரியவர் வேறொரு செய்தியோடு வீடு திரும்புகிறார். 'வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம், 4.6 செ.மீ.' என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறது. அவருக்கு வலியும் இல்லை, வேறு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி வீட்டையே கலக்கிவிடுகிறது.

"உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும்" என்கிறார் ஒருவர். "இந்த வயதில் வயிற்றைக் கிழிப்பதா?" என்று பதறுகிறார் இன்னொருவர். "இப்போதெல்லாம் தொடை வழியாகவே குழாயை விட்டுச் சரிசெய்துவிடுகிறார்களாம், இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம்" என்கிறார் மூன்றாமவர். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் யாருடைய சொல்லையும் முழுதாக ஏற்று முடிவெடுத்துவிட முடியாது. அத்தாவுக்கோ வாப்பாவுக்கோ இப்படி ஒரு முடிவை எடுக்க வேண்டிய நிலை வந்தால் நமக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பெருந்தமனி வீக்கம் என்றால் என்ன?

இதயத்திலிருந்து புறப்படும் இரத்தத்தை உடல் முழுவதற்கும் கொண்டு செல்லும் தலையாய குழாய்தான் பெருந்தமனி. 'அயோர்ட்டா' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இதயத்தின் மேற்புறம் கிளம்பி, வளைந்து, நெஞ்சின் பின்புறமாக இறங்கி, உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் வருகிறது. அங்கே முதுகெலும்பை ஒட்டியபடியே இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிச் செல்கிறது. கல்லீரல், குடல், சிறுநீரகங்கள் ஆகியவற்றுக்கான கிளைகள் வயிற்றுப் பகுதியில்தான் பிரிகின்றன.

இந்தக் குழாயின் விட்டம் வயிற்றுப் பகுதியில் சாதாரணமாக 2 செ.மீ. அளவு இருக்கும். குழாய்ச் சுவர் பலவீனமாகி, சைக்கிள் டியூப் ஓரிடத்தில் உப்பிக்கொள்வதுபோல் உப்பி, விட்டம் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் போனால் அதை 'அனியூரிசம்' என்கிறார்கள். பெரும்பாலும் சிறுநீரகத் தமனிகள் பிரியும் இடத்துக்குக் கீழேதான் இந்த வீக்கம் வருகிறது. அது அங்கே வருவது சிகிச்சைக்கு வசதியானது. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

இந்த வீக்கத்தின் ஆபத்தே அது சத்தமில்லாமல் வளர்வதுதான். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. மெலிந்த உடல்வாகு உள்ளவர்கள் சிலருக்கு மட்டும் வயிற்றில் ஏதோ துடிப்பது போலத் தோன்றலாம். ஆனால் அது ஒரு நாள் வெடித்துவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். வெடித்தவர்களில் பத்துப் பேரில் எட்டுப் பேர் வரை இறந்துவிடுகிறார்கள். அவர்களில் பலர் மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்கு முன்பே இறந்துபோகிறார்கள்.

யாருக்கு வருகிறது?

ஆண்களுக்கே அதிகம் வருகிறது. 65 வயதுக்கு மேல் அபாயம் கூடுகிறது. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு அதிகம். இரத்த அழுத்தமும் கொழுப்பும் தம் பங்கைச் செய்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலான காரணம் புகைபிடித்தல். பீடி, சிகரெட் இரண்டும் இதில் ஒன்றுதான். இருபது முப்பது ஆண்டுகள் புகைத்துவிட்டு நிறுத்தியவருக்கும் அபாயம் முழுதாக நீங்குவதில்லை. ஆனாலும் நிறுத்தினால் வீக்கம் வளரும் வேகம் குறைகிறது. எனவே எந்த வயதில் நிறுத்தினாலும் பயன் உண்டு.

கண்டுபிடிப்பது மிக எளிது. வலியில்லாத, கதிர்வீச்சு இல்லாத, சில நிமிடங்களில் முடிந்துவிடும் வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே போதும். பிரிட்டனில் 65 முதல் 74 வயது வரையுள்ள சுமார் 67,800 ஆண்களை வைத்து நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. ஸ்கேனுக்கு அழைக்கப்பட்டவர்கள் மத்தியில், இந்த நோயால் ஏற்படும் இறப்பு நான்கு ஆண்டுகளில் 42 சதவீதம் குறைந்திருந்தது. இன்று அந்நாட்டில் 65 வயதைத் தொடும் ஒவ்வொரு ஆணுக்கும் அரசே அழைப்பு அனுப்பி இந்த ஸ்கேனை எடுக்கிறது. அமெரிக்காவில் 65 முதல் 75 வயது வரையுள்ள, எப்போதேனும் புகைத்த ஆண்கள் ஒருமுறை இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள். நம் வீட்டில் அந்த வயதில் ஒருவர் இருந்து, அவர் முன்பு புகைத்தவராகவும் இருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இதைக் கேட்டுவிடலாம்.

வீக்கம் இருந்தாலே அறுவை சிகிச்சையா?

இல்லை. இங்கேதான் பல குடும்பங்கள் வீண் பீதிக்கு ஆளாகின்றன. சிறிய வீக்கம் வெடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 5.5 செ.மீ.க்குக் கீழ் உள்ள வீக்கம் வெடிப்பது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான் இருக்கிறது. 4 செ.மீ. முதல் 5.5 செ.மீ. வரையுள்ளவர்களுக்கு உடனே அறுவை செய்வது நல்லதா, கண்காணிப்பது நல்லதா என்று பிரிட்டனில் 1,090 பேரிடமும் அமெரிக்காவில் 1,136 பேரிடமும் தனித்தனியாக ஆராய்ந்தார்கள். முதலாவதன் முடிவு 1998-லும் இரண்டாவதன் முடிவு 2002-லும் வந்தன. அவசரப்பட்டு அறுவை செய்ததால் ஆயுள் கூடவில்லை என்றே இரண்டும் சொல்லின.

அதனால்தான் ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்குச் சுமார் 5 செ.மீ. என்ற எல்லையை வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு இந்நோய் வருவது குறைவு. ஆனால் வந்தால் சிறிய அளவிலேயே வெடிக்கும் அபாயம் இருப்பதால் எல்லையும் சிறியது. அளவு எட்டாவிட்டாலும் வீக்கம் வேகமாக வளர்ந்தாலோ, அதனால் வலி வந்தாலோ சிகிச்சை தேவைப்படும்.

அதுவரை கண்காணிப்புதான். பிரிட்டனில் 3 முதல் 4.4 செ.மீ. வரை ஆண்டுக்கு ஒரு முறையும், 4.5 முதல் 5.4 செ.மீ. வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் ஸ்கேன் எடுக்கிறார்கள். வீக்கத்தைச் சுருக்கும் மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. 'மருந்திலேயே கரைத்துவிடுகிறோம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரையும் கொழுப்புக்கான மாத்திரையும் இதயத்தையும் மற்ற இரத்தக் குழாய்களையும் காப்பதற்காகத் தரப்படுகின்றன. அவற்றை விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கு, வேறு மாற்று மருந்து இருக்கும்போது தரக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் ஊரில் சர்வசாதாரணமாகத் தரப்படும் மாத்திரைகள் இவை. எந்த மருத்துவரிடம் போனாலும் வீக்கம் இருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

வயிற்றைத் திறந்து செய்யும் முறை

அறிவியலாளர் ஐன்ஸ்டைனுக்கு இந்த வீக்கம்தான் இருந்தது. 1948 டிசம்பரில் நியூயார்க்கில் அவருக்கு அறுவை செய்த ருடால்ஃப் நிஸ்ஸன், வீங்கிய குழாயைச் சுற்றி செலோஃபேன் தாளைச் சுற்றிவைத்தார். அதனால் தழும்புத் திசு உருவாகி சுவர் கெட்டிப்படும் என்பது எதிர்பார்ப்பு. அன்றைக்கு அதைவிட நல்ல வழி எதுவும் கைவசம் இல்லை. 1955 ஏப்ரலில் அந்த வீக்கம் கசியத் தொடங்கியபோது மீண்டும் அறுவைக்கு அவர் சம்மதிக்கவில்லை. ஏப்ரல் 18 அன்று 76 வயதில் இறந்தார்.

இதற்கிடையே 1951 மார்ச்சில் பாரிஸில் சார்லஸ் துபோஸ்ட் என்ற மருத்துவர், வீங்கிய பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, இறந்த ஒருவரிடமிருந்து எடுத்த தமனியைப் பொருத்திக் காட்டினார். பின்னர் டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியில் செய்த குழாய் வந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி தொடக்கத்தில் தம் மனைவியின் தையல் இயந்திரத்திலேயே இந்தக் குழாயைத் தைத்துப் பார்த்தவர்.

இன்றும் திறந்த அறுவையின் அடிப்படை அதுதான். முழு மயக்கம் கொடுத்து, வயிற்றை மேலிருந்து கீழாகத் திறந்து, குடலை ஒதுக்கி, வீக்கத்துக்கு மேலும் கீழும் கவ்வி போட்டு இரத்தத்தை நிறுத்துவார்கள். வீக்கத்தைத் திறந்து, உள்ளே செயற்கைக் குழாயைக் கையால் தைத்துப் பொருத்துவார்கள். அதன் பிறகு ஐ.சி.யூ., ஒரு வாரம் முதல் பத்து நாள் மருத்துவமனை, பழைய பலம் திரும்ப இரண்டு மூன்று மாதம். இதயமும் நுரையீரலும் பலவீனமாக இருப்பவர்களுக்கு இது பெரும் சுமை. ஆனால் ஒருமுறை நல்லபடியாக முடிந்துவிட்டால் அந்தத் தையல் பல ஆண்டுகள் நிலைத்து நிற்கும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த முறைக்குப் போவோம்.

தொடை வழியாகச் செய்யும் முறை

வயிற்றைத் திறக்காமல், உள்ளிருந்தே குழாய்க்குள் குழாய் வைக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு 1987-ல் அன்றைய சோவியத் யூனியனின் கார்கிவ் நகரில் நிகோலாய் வொலொதோஸ் என்ற மருத்துவர் நெஞ்சுப் பகுதிப் பெருந்தமனியில் செய்து காட்டினார். வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு 1990 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் ப்யூனஸ் அயர்ஸ் நகரில் ஹுவான் பரோடி செய்தார். மறு ஆண்டு அதை மருத்துவ இதழில் வெளியிட்டார். அதன் பிறகே இம்முறை உலகெங்கும் பரவியது. 1999-ல் அமெரிக்க அரசு இதற்கான கருவிகளுக்கு ஒப்புதல் தந்தது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து இதை 'ஈவார்' என்று மருத்துவமனைகளில் சொல்கிறார்கள்.

இதயத்துக்கு ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைப்பதை நம்மில் பலர் அறிவோம். அதே பாதைதான், கருவிதான் வேறு. இதய ஸ்டென்ட் அடைப்பைத் திறந்து வைக்கும் வெறும் கம்பிவலை. இங்கே வைப்பதோ கம்பிவலையின் மேல் துணி போர்த்திய 'ஸ்டென்ட் கிராஃப்ட்'. இரத்தம் இந்தத் துணிக்குழாய்க்குள் மட்டுமே ஓடும். வெளியே இருக்கும் பலவீனமான சுவரின் மீது அதன் அழுத்தம் விழாது. பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்துவிட்டால், அதைத் தோண்டி எடுக்காமல் உள்ளேயே புதுக் குழாயைச் செருகிவிடுவதைப் போன்றது இது.

செய்யும் விதம் இதுதான். இரண்டு தொடை இடுக்குகளிலும் சிறு கீறலோ ஊசித் துளையோ போட்டு, தொடைத் தமனி வழியாக மெல்லிய கம்பியை மேலே செலுத்துகிறார்கள். எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, சுருக்கி மடித்து வைத்த ஸ்டென்ட் கிராஃப்ட்டை அந்தக் கம்பியின் மேல் ஏற்றி, சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றுக் கீழே கொண்டுபோய் விரிக்கிறார்கள். பெருந்தமனி இரண்டாகப் பிரிவதால் இந்தக் கருவியும் காற்சட்டை போல இரு கால் கொண்டது. பெரும்பாலான கருவிகளில் ஒரு கால் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், மற்றொரு காலை அடுத்த தொடை வழியாகக் கொண்டுவந்து உள்ளே இணைப்பார்கள். வழக்கமாக இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். முழு மயக்கம் கட்டாயமில்லை. முதுகில் போடும் ஊசியோ அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசியோ பலருக்குப் போதும். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பிரிட்டனில் 1,082 பேரை வைத்து இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வின் முதல் முடிவு 2004-ல் வந்தது. சிகிச்சைக்குப் பின் 30 நாளுக்குள் இறந்தவர்கள் திறந்த அறுவையில் 4.7 சதவீதம், ஈவாரில் 1.7 சதவீதம். நெதர்லாந்து ஆய்விலும் அமெரிக்க ஆய்விலும் இதேபோல் ஈவாரே முதல் மாதத்தில் பாதுகாப்பானதாக இருந்தது. இதுவரை படித்தால் முடிவு எளிதாகத் தோன்றும்.

ஆனால் அந்த ஆய்வாளர்கள் அதே நோயாளிகளைப் பதினைந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். 2016-ல் வெளியான முடிவு வேறு படத்தைக் காட்டியது. தொடக்கத்தில் கிடைத்த நன்மை சில ஆண்டுகளில் தேய்ந்துபோனது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு திறந்த அறுவை செய்துகொண்டவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். ஈவார் செய்தவர்களில் சிலருக்கு உள்ளே கசிவு ஏற்பட்டு, பழைய வீக்கம் மீண்டும் பெருத்து வெடித்ததே இதற்கு முக்கியக் காரணம். அமெரிக்காவில் 881 பேரிடம் நடந்த ஆய்வின் நீண்டகால முடிவு 2019-ல் வந்தது. அதில் இரு தரப்புக்கும் ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் மீண்டும் ஒரு சிகிச்சை தேவைப்பட்டவர்கள் ஈவாரில் நான்கில் ஒருவருக்கும் அதிகம், திறந்த அறுவையில் ஐந்தில் ஒருவர்.

இதய, நுரையீரல் நிலை மிக மோசமாகி, திறந்த அறுவையே செய்ய முடியாது என்ற நிலையில் இருந்தவர்களைப் பற்றியும் பிரிட்டனில் தனியாக ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுக்கு ஈவார் செய்ததால் வீக்கம் வெடித்து இறப்பது குறைந்தது. ஆனால் மற்ற நோய்களால் இறந்ததால் மொத்த ஆயுள் கூடவில்லை. மிகவும் தளர்ந்த பெரியவருக்கு 'எதுவும் செய்யாமல் பார்த்துக்கொள்வோம்' என்று மருத்துவர் சொன்னால் அது கைவிடுதல் அல்ல என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

நிபுணர்களிடமும் இதில் ஒரே கருத்து இல்லை. பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2020-ல், வெடிக்காத வீக்கத்துக்கு உடல் தாங்குமானால் திறந்த அறுவையையே முதலில் பரிந்துரைத்தது. ஐரோப்பிய இரத்தக்குழாய் அறுவை மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதலோ, உடலமைப்பு பொருந்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஈவாரும், நீண்ட ஆயுளை எதிர்பார்க்கக்கூடியவர்களுக்குத் திறந்த அறுவையும் என்றது. இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் நம்மை ஏமாற்றுகிறார் என்று பொருளல்ல.

எல்லோருக்கும் செய்ய முடியுமா?

முடியாது. ஸ்டென்ட் கிராஃப்ட் பிடித்து நிற்க, சிறுநீரகத் தமனிகளுக்கும் வீக்கத்துக்கும் இடையே ஆரோக்கியமான 'கழுத்து' வேண்டும். அது பொதுவாக 10 முதல் 15 மி.மீ. நீளமாவது இருக்க வேண்டும். மிகவும் அகன்றோ, வளைந்தோ, சுண்ணாம்பு படிந்தோ இருக்கக் கூடாது. வீக்கம் பெரும்பாலும் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே வருவது வசதி என்று முன்னே சொன்னது இதனால்தான். தொடையிலிருந்து மேலே போகும் தமனிகளும் கருவி நுழையும் அளவு அகலமாக இருக்க வேண்டும். இவற்றை மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனில் மில்லிமீட்டர் கணக்கில் அளந்த பிறகே முடிவு செய்வார்கள்.

கழுத்து போதாதவர்களுக்கு வேறு ஏற்பாடு உண்டு. சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் போகும் கிளைகளின் வாயில் ஜன்னல் வைத்த, அல்லது கிளைக்குழாய் வைத்த கிராஃப்ட்கள் இருக்கின்றன. அவற்றில் பல அந்த நோயாளியின் அளவுக்கே தயாரிக்கப்படுகின்றன. அதற்குப் பல வாரங்கள் ஆகும், செலவும் மிக அதிகம்.

லேப்ராஸ்கோப்பி வழியாகச் சிறு துளைகள் போட்டு, கேமரா பார்வையில் செயற்கைக் குழாயைத் தைக்கும் முறையும் உண்டு. சிறிய வெட்டின் வழியே திறந்த அறுவையைச் செய்யும் முறையும் உண்டு. காயம் சிறிது என்றாலும் பெருந்தமனியைக் கவ்வி நிறுத்தித் தைக்கும் வேலை அப்படியே இருக்கிறது. நேரமும் கைத்திறனும் அதிகம் தேவை என்பதால் இவற்றைச் செய்யும் இடங்கள் மிகக் குறைவு.

புதிது என்பதாலேயே எதுவும் சிறந்ததாகிவிடாது. வீக்கத்தின் உட்புறத்தைப் பாலிமர் பைகளால் நிரப்பி மூடும் ஒரு கருவி சில ஆண்டுகளுக்கு முன் பெரும் எதிர்பார்ப்போடு வந்தது. காலப்போக்கில் அது இடம் பெயர்வதும் கசிவதும் தெரியவந்ததால் 2019-ல் ஐரோப்பாவில் அதன் ஒப்புதல் நிறுத்திவைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் முக்கியம்

ஈவாரைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமானால் அது இதுதான்: காயம் ஆறியதும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. கருவியைச் சுற்றி இரத்தம் கசிந்து பழைய வீக்கத்துக்குள் போகலாம். மேல் முனையிலோ கீழ் முனையிலோ பிடி தளர்ந்தாலும், பாகங்கள் இணையும் இடம் விலகினாலும் உடனே சரிசெய்ய வேண்டும். சிறு கிளைத் தமனிகள் வழியாகப் பின்னோக்கி வரும் கசிவு பலருக்குத் தானாகவே நின்றுவிடும். வீக்கம் வளராதவரை அதைக் கண்காணித்தாலே போதும். இவற்றில் எதுவும் வலியாக வெளியே தெரியாது. ஸ்கேன் எடுத்தால் மட்டுமே தெரியும்.

எனவே முதல் மாதத்திலும், ஓராண்டு முடிவிலும், பிறகு ஆண்டுதோறும் என்று மருத்துவர் சொல்லும் நாளில் ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுவும் ஆயுள் முழுவதும். எல்லா முறையும் சி.டி. தேவையில்லை. நிலைமை சீராக இருந்தால் அல்ட்ராசவுண்டிலேயே பார்க்கலாம் என்பதால் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு. "நன்றாகத்தானே இருக்கிறார், எதற்கு வீண் செலவு?" என்று மூன்றாம் ஆண்டில் நிறுத்திவிடுவதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய தவறு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் ஸ்கேன் நாளை யார் நினைவில் வைத்து அழைத்துப் போவது என்பதையும் சிகிச்சைக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், உடல் தாங்கும் நிலையில் உள்ளவருக்குத் திறந்த அறுவையே நல்ல தேர்வாகலாம்.

பணத்தையும் அப்படித்தான் கணக்கிட வேண்டும். ஈவாரில் செலவின் பெரும்பகுதி கருவிக்கே போய்விடும். மருத்துவமனையில் தங்கும் நாள் குறைந்தாலும் மொத்தச் செலவு பெரும்பாலும் கூடும். அதோடு வரும் ஆண்டுகளின் ஸ்கேன் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். காப்பீட்டு அட்டை இருந்தால் கருவியின் விலைக்கு வரம்பு ஏதும் இருக்கிறதா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் வீடுகளில் எழும் சில கேள்விகள்

கிராஃப்டின் துணி எதனால் ஆனது என்று சிலர் கேட்கிறார்கள். ஈவாரில் பொதுவாகப் பயன்படுவது பாலியெஸ்டர் அல்லது டெஃப்லான் வகைச் செயற்கைத் துணி. ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க, இரு முறைகளிலும் ஹெபாரின் என்ற மருந்து தரப்படுகிறது. இது பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. உயிர் காக்கும் கட்டாயத்தில், மாற்று இல்லாதபோது இதற்கு அனுமதி உண்டு என்பது மார்க்க அறிஞர்கள் பலரின் நிலைப்பாடு. மனதில் உறுத்தல் இருந்தால் மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்பே கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் விவாதிக்க வேண்டிய விஷயமல்ல இது.

திறந்த அறுவைக்குப் பின் சில வாரங்கள் குனிந்து சுஜூது செய்வது சிரமமாக இருக்கும். நாற்காலியில் அமர்ந்து தொழுதுகொள்ளலாம். சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அந்த நாளில் நீர்ச்சத்து குறையக் கூடாது. ரமளானில் ஸ்கேன் வந்தால் நோன்பு பற்றியும், சர்க்கரை மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெடித்துவிட்டால்?

வயிற்றிலோ முதுகிலோ இடுப்போரத்திலோ திடீரென்று தாங்க முடியாத வலி, வியர்வை, மயக்கம். வயதான ஒருவருக்கு இப்படி வந்தால் வாய்வு என்றோ கல் என்றோ எண்ணிக் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைத்து, வீக்கம் இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெடித்த நிலையிலும் ஈவார் செய்ய முடியும். பிரிட்டனிலும் கனடாவிலுமாக 613 பேரிடம் நடந்த ஆய்வில் முதல் மாத இறப்பில் இரு முறைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மூன்று ஆண்டு முடிவில் ஈவார் வழியைத் தேர்ந்தவர்களின் நிலை மேலாக இருந்தது. ஆகவே இரத்தக்குழாய் அறுவை மருத்துவரும் இந்த வசதியும் உள்ள மருத்துவமனை நம் ஊருக்கு அருகில் எது என்பதை முன்பே தெரிந்துவைத்திருப்பது உயிரைக் காக்கும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

- வீக்கத்தின் அளவு என்ன? கடந்த ஸ்கேனிலிருந்து எவ்வளவு வளர்ந்திருக்கிறது?
- இப்போதே சிகிச்சை தேவையா, கண்காணிக்கலாமா?
- உடலமைப்பு ஈவாருக்குப் பொருந்துகிறதா? கழுத்தின் நீளம் போதுமா?
- இதயம், நுரையீரல், சிறுநீரகம் திறந்த அறுவையைத் தாங்குமா?
- இந்த மருத்துவமனையில் இரு முறைகளையும் செய்கிறீர்களா? ஆண்டுக்கு எத்தனை பேருக்கு?
- பின்னால் கசிவு வந்தால் அதைச் சரிசெய்யும் வசதி இங்கேயே இருக்கிறதா?
- கருவிக்கும் தொடர் ஸ்கேன்களுக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?

ஐந்தாவது கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். ஒரு முறையை மட்டுமே செய்யும் இடத்தில் அந்த ஒன்றுதான் சிறந்தது என்று சொல்லப்படுவதற்கு வாய்ப்பு அதிகம். வெடிக்காத வீக்கத்தில் இன்னொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கப் பெரும்பாலும் நேரம் இருக்கிறது.

எண்பது வயதில் இதயம் பலவீனமாக உள்ளவருக்கும், அறுபது வயதில் திடமாக நடமாடுபவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. முதலாமவருக்கு வயிற்றைத் திறக்காத முறை பெரிய வரமாக இருக்கலாம். இரண்டாமவருக்கு, ஒருமுறை வலியைத் தாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் நிம்மதியாக இருப்பது மேலாக இருக்கலாம். எந்த முறை நவீனமானது என்று கேட்பதைவிட, நம் வீட்டுப் பெரியவருக்கு எது பொருந்தும், அதன் பின்னான பொறுப்பை நம்மால் தொடர்ந்து சுமக்க முடியுமா என்று கேட்போம். முடிவெடுக்கும் முன் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் விருப்பத்தையும் கேட்போம். அவர் உடலைப் பற்றிய முடிவு இது.